இலுப்பைப் புண்ணாக்கு

சாத்தனூர் மீன்பண்ணையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, செத்த மீன் பொறுக்குவது. 1986ஆம் வருஷம், ஆனிக் கடைசி. எங்கள் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு வந்து, தண்டராம்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, அணைக்கட்டில் இறங்கி, கையில் கல்லூரிக் கடிதத்தோடு நின்றேன். விலங்கியல் மாணவனான எனக்கு ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் நுண்ணோக்கியும்தான். பண்ணைப் பொறுப்பில் இருந்தவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பேன்ட்டோட எறங்க முடியாது தம்பி. லுங்கி கொண்டாந்திருக்கியா?" என்றார்.

முந்தின ராத்திரியே இலுப்பைப் புண்ணாக்கைப் பீப்பாய்களில் ஊறப்போட்டிருந்தார்கள். காலையில் அந்தக் கரைசலைச் சட்டியால் மொண்டு நாற்றங்கால் குளம் முழுக்க வீசினோம். தண்ணீரின் மேல் வெள்ளையாக நுரை கட்டியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தலைமுழுகும்போது அம்மா தேய்த்துக்கொண்டதும் இதே புண்ணாக்குதான். இலுப்பையில் உள்ள சப்போனின், மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. அப்படிச் செத்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். மூன்று வாரத்தில் நஞ்சு தணிந்து புண்ணாக்கு குளத்துக்கே எருவாகிவிடும். ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 2,500 கிலோ போட வேண்டும் என்பது கணக்கு. அதற்குப் பிறகு நான் எத்தனையோ மருந்துகளைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு நேர்மையான விஷத்தைப் பார்த்ததில்லை.

முதலில் கெண்டைப்பொடி மேலே வந்து மல்லாந்தது. பிறகு உளுவை, கெளுத்தி. மண்ணுக்குள் மூக்கை நுழைத்துக் கிடக்கிற ஆரால், வளைந்து வளைந்து கரையோரம் வந்தது. மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற விராலும் குறவையும் தேளியும் கடைசியில். கரையில் விரித்த கோணியில் கொட்டி எடை போட்டோம். பதிவேட்டில் அவற்றுக்கு ஒரு பத்தி உண்டு, 'களைமீன்' என்று. அதில் கிலோ மட்டும்தான் எழுத வேண்டும். பெயர் எழுத இடமில்லை. கேட்டிருந்தால் அத்தனைக்கும் நான் பெயர் சொல்லியிருப்பேன். அந்தக் கோணியில் கிடந்தது முழுக்க எங்கள் ஊர் ஏரி.

அன்றைக்கு மஸ்தூர்கள் எல்லார் வீட்டிலும் மீன் குழம்பு. எனக்கும் ஒரு பங்கு வந்தது. பண்ணைக் காவலர் வீட்டில் குறவையைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசிக் குழம்பு வைத்தார்கள். அருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொறுப்பாளர் செய்ததில் தப்பில்லை. நாற்றங்காலில் விடப்போகிற கட்லாக் குஞ்சின் நீளம் ஆறு மில்லிமீட்டர். குளத்தில் ஒரே ஒரு விரால் தங்கிவிட்டாலும் ஒரு வாரத்தில் லட்சம் குஞ்சு ஆயிரங்களாகிவிடும். விரால் என்ன, நீர்ப்பூச்சிகூட விடாது. துடுப்புக்கால் போட்டு மல்லாக்க நீந்துகிற பூச்சி ஒன்று குஞ்சைப் பிடித்து உறிஞ்சிவிடும். அதற்கு மலிவு விலைச் சோப்பை வெந்நீரில் கரைத்து எண்ணெயோடு அடித்துக் குளத்தின் மேல் தெளிப்பார்கள். எண்ணெய்ப் படலம் மூடினதும் பூச்சிகள் மூச்சு முட்டிச் சாகும். ஒரு குளத்தில் புதிதாக ஓர் உயிரைக் குடிவைக்க முதலில் குளத்தை முழுக்கக் காலி செய்ய வேண்டும். எங்கள் பயிற்சியின் முதல் பாடமே அதுதான். தேர்வில் இதைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

அடி அண்ணாமலை, மலைக்கு மேற்கே இருக்கிறது. டவுனில் இருப்பவர்களுக்கு மலை என்பது கோபுரத்துக்குப் பின்னால் தெரிவது. எங்களுக்குச் சூரியன் அதன் முதுகிலிருந்துதான் எழும். ஆதி அருணாசலேசுவரர் கோயில், அதற்குப் பக்கத்தில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில். திருவெம்பாவை பாடின இடம் என்பதால் மார்கழி விடியலில் மட்டும் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை வரும். கிரிவலக் கூட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. நான் பையனாக இருந்தபோது பௌர்ணமிக்கு மாட்டு வண்டி போகும். சில சாமியார்கள், சில குடும்பங்கள், தலையில் துண்டோடு தனியாக நடக்கிற கிழவர்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் கிரிவலப் பாதை எங்கள் கடலைக்காட்டுக்குப் போகிற வழி.

ஐப்பசியில் மலை நனைந்ததும் ஓடைகளில் செந்தண்ணீர் இறங்கும். ஏரிக்கு முதல் தண்ணீர் வந்த ராத்திரி ஊரில் யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள். புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். வரத்துக் காலில், வயல் வரப்பில், வண்டித் தடத்தில் தேங்கின தண்ணீரில்கூட. அரிக்கேன் விளக்கும் பறியுமாக ஆட்கள் போவார்கள். ஏரி நிரம்பி கோடி போனால் இன்னொரு தரம். இந்த மீனை யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரியில் ஐப்பசியில் மீன் எப்படி வந்தது என்று பாட்டியைக் கேட்டால், "மழையோட வரும்" என்பாள். பிற்பாடு புத்தகத்தில் படித்தேன்: விராலும் குறவையும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து காற்றைக் குடித்தே கோடையைத் தள்ளிவிடும், மற்றவை மதகடிப் பள்ளத்திலும் கிணற்றிலும் ஒதுங்கியிருந்து, தண்ணீர் வந்ததும் ஏரிக்கு ஏரி கால்வாய் வழியே பரவும். பாட்டி சொன்னதும் அதேதான், சுருக்கமாக.

பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்குக் குறைந்ததும் ஒருநாள் ஊர்கூடி ஏரியில் இறங்குவார்கள். சேலைத் தலைப்பு, கொசுவலை, கூடை, வெறுங்கை, எது கிடைத்தாலும் சரி. தேளி கொட்டிவிட்டால் கை தோள்வரை கடுக்கும். அழுதுகொண்டே பிடித்தவர்கள் உண்டு. பிடித்ததை வேப்பமரத்தடியில் குவித்துக் கூறு போடுவார்கள். இறங்க முடியாத வீட்டுக்கும் ஒரு கூறு. புருஷன் இல்லாத எங்கள் எதிர்வீட்டுக்காரிக்கு எப்போதும் ஆரால் சேர்ந்த கூறாகப் பார்த்து வைப்பார் கூறு போடுகிறவர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த ஏரியிலிருந்து போனவனுக்கு, முட்டையிட ஊசி கேட்கிற மீன் வினோதமாக இருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. ஆற்றில் புதுவெள்ளம் புரண்டால்தான் முட்டையிடும்; குளத்தில் எத்தனை வருஷம் வைத்தாலும் வயிறு பருக்கும், சினை வெளியே வராது. அதனால் ரொம்ப காலம் வங்காளத்து ஆறுகளில் வெள்ள நாளில் குஞ்சு வாரி, ஹவுராவிலிருந்து ரயிலில் ஏற்றி நாடெங்கும் அனுப்பினார்கள். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். பிரேசிலில் அதற்கு இருபது வருஷம் முன்பே வேறு மீன்களுக்கு இதைச் செய்திருந்தார்கள் என்றாலும், நம் ஊர்க் குளங்களின் கதை மாறியது அந்த நாளில்தான். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாள்.

அந்தச் சுரப்பியை எடுப்பதில் நான் தேறினேன். அணையில் பிடிபட்டுக் கரைக்கு வருகிற சாதாக் கெண்டையில் சினையானதாகப் பார்த்துத் தலையை வாங்கிக்கொள்வோம். மண்டையோட்டின் மேல்மூடியைக் கத்தியால் சாய்வாகச் சீவி, கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி, கண் நரம்பை வெட்டி மூளையை மெதுவாகத் தூக்கினால், கீழே எலும்புக் குழியில், மெல்லிய சவ்வுக்கு அடியில் கடுகளவுக்கு வெளுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். நசுங்காமல் எடுத்து, ஆல்கஹால் ஊற்றின கருப்புச் சீசாவில் போட வேண்டும். ஒருநாள் கழித்து ஆல்கஹாலை மாற்ற வேண்டும். இதைச் செய்கிறபோது என் கை நடுங்குவதில்லை என்று காவலர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கல்லூரியில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

ஆடி மாத ராத்திரிகள்தான் ஆராய்ச்சி. சாயந்தரம் பெண்மீனுக்கு முதல் ஊசி, எடையில் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் சுரப்பி. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது, ஆறிலிருந்து எட்டு. ஆண்மீனுக்கு அப்போதுதான் ஒரே ஊசி. பிறகு மூங்கில் நட்டுத் தண்ணீரில் கட்டியிருக்கிற ஹாப்பாவுக்குள், அந்தத் துணித்தொட்டிக்குள், ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த அளவில் ஊசி போட்டால் எத்தனை முட்டை கருவுறுகிறது என்பதுதான் நாங்கள் எழுதிய கணக்கு. மணிக்கொரு தரம் தண்ணீரின் வெப்பம் பார்ப்பது என் வேலை.

இரண்டு ஊசிக்கும் நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேரம்! எனக்கு இப்போது ஞாபகம் வருவதெல்லாம் அதுதான். காவலர் பீடி பற்றவைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். 1958இல் அணை கட்டி முடிப்பதற்கு முன்னால் மண் சுமந்தவர்களில் அவரும் ஒருத்தர். காமராஜர் வந்ததைச் சொல்வார், தன் அண்ணன் அங்கேயே காய்ச்சலில் போனதைச் சொல்வார். தென்பெண்ணையில் வெள்ளம் வந்தால் மீன் எப்படி மேலே ஏறும் என்று கையை ஆட்டிக் காட்டுவார். "119 அடிக்குத் தண்ணி நிக்கிறதுக்குக் கட்டினாங்க. ஏறி வர்ற மீனுக்கு யாரு படி கட்டினா?" என்பார். சிரித்துக்கொண்டேதான். எங்கள் பொறுப்பாளர் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்ல மாட்டார். முதலைப் பண்ணைப் பக்கமிருந்து சில சமயம் ஏதோ உறுமும்; அது முதலைதானா, என்னைப் பயமுறுத்த அவர் சொன்னதா, தெரியாது.

விடியற்காலை நாலு மணிவாக்கில் ஹாப்பாவுக்குள் தண்ணீர் சளசளவென்று அடிபடும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் வந்தபின் துணியைத் தூக்கிப் பார்த்தால் ஜவ்வரிசி வேகவைத்துக் கொட்டினது மாதிரி முட்டை. கருவானது கண்ணாடியாக இருக்கும், ஆகாதது பால் வெள்ளை. அதை இரட்டைச் சுவர் ஹாப்பாவுக்கு மாற்றுவோம்: உள்ளே கொசுவலை, வெளியே மல் துணி. 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்த குஞ்சுகள் வலைக்கண் வழியே தாமாக வெளித்துணிக்கு இறங்கிவிடும். முட்டைத்தோல் உள்ளேயே தங்கும். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மூன்று நாள் மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சுக்கு வாய் கிடையாது. நாலாம் நாள் நாற்றங்காலில் விட்டு, கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி தூவுவோம்.

அந்த ஆறு மணி நேரமும் பிறகு போய்விட்டது. தொண்ணூறுகளில் ஓவாப்ரிம் என்று செயற்கை மருந்து வந்தது. மீன் தலை வேண்டாம், கருப்புச் சீசா வேண்டாம், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேளையில் ஒரே ஊசி. ஹாப்பா போய் சிமென்ட்டில் வட்டத்தொட்டி வந்தது. சீனத்து முறை, மோட்டார் போட்டால் தண்ணீர் ஆறு மாதிரி சுற்றும். குஞ்சு உற்பத்தி எங்கேயோ போய்விட்டது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மலிவாகக் கட்லா கிடைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மீனே தின்றிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஏரியும் குத்தகைக்குப் போயிற்று. குத்தகைக்காரர் பாலிதீன் பையில் ஆக்சிஜன் பிடித்த குஞ்சுகளை வண்டியில் கொண்டுவந்து விட்டார். காவலுக்கு ஆள் போட்டார். துண்டோடு ஏரியில் இறங்கினால் சண்டை. கூறு போடும் வேப்பமரத்தடியில் தராசு தொங்கியது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை, யாரும் விடாமலே எங்கேயிருந்தோ வந்து சேர்ந்தது. ஆண் மண்ணில் குழி பறிக்கும், பெண் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், ஊசியும் வெள்ளமும் கேட்காது. அடைகாக்கிற தாயின் வாயைத் தாண்டி வேறெந்த மீனுக்கு இடம் கிடைக்கும்? ஓரக் குட்டையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் 'துப்புரவு' செய்தார்கள். வயல் மருந்து ஒருபக்கம். மலையிலிருந்து வருகிற ஓடைகள், பௌர்ணமிக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகப் பெருக, பிளாட்டாகவும் விடுதியாகவும் ஆயின. எது எந்த மீனைக் கொன்றது என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. எல்லாம் சேர்ந்து அந்தக் கோணியில் கிடந்ததை நிரந்தரமாக்கிவிட்டன. இலுப்பை மரங்களும் அதே வாக்கில் போயின. இன்றைக்கு அந்தப் புண்ணாக்கு வாங்க வேண்டுமானால் தேடித்தான் போக வேண்டும்.

தங்கை மகள் மீன்வளம் படிக்கிறாள். போன வருஷம் அவளுக்கு முட்டுக்காட்டில் இன்டர்ன்ஷிப். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையத்தில், கொடுவா பொரிப்பகத்தில். இந்தியாவில் முதன்முதலாக 1997இல் கொடுவாவை அடைத்துவைத்து முட்டையிட வைத்தது அந்த நிறுவனம்தான். வாரம் ஒரு தரம் போன் பண்ணுவாள். "மாமா, கொடுவா எல்லாம் மொதல்ல ஆம்பளையா வளருதாம், அப்புறம் பெருசானதும் பொம்பளையாயிடுதாம். நாங்க சின்னக் குழாய விட்டு முட்டை எடுத்து அளந்து பாக்குறோம், அரை மில்லிமீட்டர் இருந்தாத்தான் ஊசி." ஊசி போட்டு ஒன்றரை நாளில் ராத்திரியில் முட்டையிடுமாம். உப்புத் தண்ணீரில் கருவான முட்டை மிதக்கும், ஆகாதது அடியில் தங்கும். வழிகிற தண்ணீரோடு நல்ல முட்டை தானாக வலைத்தொட்டிக்குப் போய்விடும். நான் கொசுவலையைச் சொன்னேன். "அதேதான் மாமா," என்றாள்.

அவளுக்குத் தூக்கம் போனது முட்டைக்காக இல்லை. குஞ்சுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரியது சிறியதை அப்படியே விழுங்கப் பார்த்து, தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். அதனால் சில நாளுக்கொரு தரம் அளவு பிரித்துத் தொட்டி மாற்ற வேண்டும். ஓட்டை போட்ட தட்டில் குஞ்சை விட்டுப் பிரிக்கிற வேலை அவளுக்கு. களைமீனே இல்லாத தண்ணீர், வடிகட்டியது, சுத்தம் செய்தது; அதிலும் எதிரி உள்ளேயே இருக்கிறான் என்று நான் சொன்னபோது, அவள் சிரிக்கவில்லை. பெரிய கொடுவாவுக்குத் தீனி என்ன என்று கேட்டேன். "துண்டு போட்ட ஜிலேபி." அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் போனார்கள். அன்று நள்ளிரவு தாண்டிச் சாத்தனூரில் திறந்துவிட்டது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. எங்கள் ஏரியும் பல வருஷம் கழித்துக் கோடி போயிற்று. மழை விட்டதும் பையன்கள் வலை போட்டார்கள். கட்லா, ஜிலேபி, வளர்க்கக் கூடாது என்று அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி முழநீளத்துக்கு. லீவுக்கு வந்திருந்த மருமகள் கூடையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அடியில் குறவை இரண்டு இருந்தன. புத்தகத்தில் மட்டும் பார்த்தவள்; சன்னா பங்டேட்டா என்று பையன்களிடம் சொன்னாள். "அது கொரவை அக்கா, முள்ளு," என்றான் ஒருத்தன், தூரப் போடப் போனான். அவள் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது கடைசி வருஷத் திட்டக் கட்டுரைக்குக் குறவையை எடுத்திருக்கிறாள். விராலுக்கு எத்தனையோ பேர் குஞ்சு பொரிக்கிறார்கள், உயிரோடு விற்கிற மீன், நல்ல விலை. குறவையைச் சீந்த ஆளில்லை என்பதுதான் அவள் வாதம். ஊசி போட்டால் அதுவும் முட்டையிடும், பழைய ஏரியை ஏன் திரும்ப நிரப்பக் கூடாது என்கிறாள். நிரப்பினால் குத்தகைக்காரன் விடுவானா என்றேன். "அது அடுத்த சாப்டர் மாமா."

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. விண்ணப்பப் படிவத்தில் 'இனத்தின் சந்தை மதிப்பு' என்று ஒரு கட்டம். மார்க்கெட்டில் குறவையைக் கண்டு எனக்கே வெகுநாள். "உங்க காலத்துல என்ன விலை மாமா?" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினாள். விலை கிடையாது, கூறுதான் என்றேன். எதிர்வீட்டுக்காரிக்கு ஆரால் வைத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அத எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றாள். அம்மாவைக் கேளேன் என்று தங்கையிடம் தள்ளிவிட்டேன். தங்கை, பையன்களுக்குக் கொடுத்த பத்து ரூபாயை இரண்டால் வகுத்து, மீனுக்கு ஐந்து என்று எழுதச் சொன்னாளாம். எழுதி அனுப்பியும் விட்டார்கள்.